ஒன்பது மணிக்கு முன்

ராத்திரி டூட்டி முடிந்து
கண்ணுக்குள் எக்ஸ்ரே வெளிச்சம் மிச்சமிருக்க
விருதம்பட்டில் வந்து இறங்குவேன்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனி வேன்
தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.
சுகந்தி தன் இடுப்பிலிருந்து என் இடுப்புக்கு
கெசியாவை மாற்றுவாள்.
"இட்லி ஒண்ணரை சாப்ட்டிருக்கா.
வெயில் ஏறுறதுக்குள்ள உள்ள வந்துடுங்க."
எங்கள் வீட்டு ஷிப்ட் மாற்றம் அவ்வளவுதான்.

வேலூரில் மே மாதத்துக் காலை என்பது
ஏழிலிருந்து ஒன்பது வரை.

முதல் நாள் பெரிய திட்டத்தோடு உட்கார்ந்தேன்.
அட்டைப்பெட்டியை அளந்து வெட்டி
மூடிகளைச் சக்கரமாக்கி ஒரு ரயில்.
ஒன்றே முக்கால் மணி நேரம்.
ரயிலை அவள் ஒருமுறை பார்த்தாள்.
பிறகு
நான் வெட்டிப்போட்ட துண்டுகளைப் பொறுக்கி
என் செருப்புக்குள் அடுக்கத் தொடங்கினாள்
ஒவ்வொன்றாக,
டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற முகத்தோடு.

அன்றிலிருந்து திட்டம் கிடையாது.

வாளியில் கால்பங்கு தண்ணீர்,
சுண்ணாம்பு அடித்து மிஞ்சிய பிரஷ்,
மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்.
அடி, என்றேன்.
சிமெண்ட் கறுத்தது.
"ஆனை!"
எங்கே என்று நான் குனிவதற்குள்
தும்பிக்கை காய்ந்துவிட்டது.
காது காய்ந்தது.
வாலில் மட்டும் கொஞ்சம் ஈரம்.
அச்சச்சோ என்றேன், பழக்கதோஷம்.
அவளிடம் அச்சச்சோ இல்லை.
போன யானைக்கு டாட்டா காட்டிவிட்டு
அதே இடத்தில் பஸ் வரைந்தாள்.

இந்த ஊர் வெயிலை
எத்தனையோ பேர் திட்டிக் கேட்டிருக்கிறேன்,
நானும் திட்டியிருக்கிறேன்.
கூலி கேட்காமல்
சிலேட்டைத் துடைத்துத் துடைத்துத் தருகிறது என்று
ஒருவரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலாறு.
கொட்டாங்குச்சியால் ஒரு சாண் வாய்க்கால் தோண்டி
பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தோம்.
உறிஞ்சிக்கொண்டது.
"ஆறு குச்சிடுச்சி" என்றாள்,
குடித்ததற்கு அவள் வைத்திருக்கும் சொல்.
இன்னும் வேணுமாம், அதுக்கு.
எனக்கென்று வைத்திருந்த மிச்சத்தையும் ஊற்றினேன்.
பாலத்தில் திருப்பதி வண்டி போனது.
திரும்பும்போது என் பாக்கெட்டில் பதினொரு கல்.
எல்லாவற்றுக்கும் பெயர் பாப்பா.

வெண்டைக்காய் மார்க்கெட்டில் வாங்கியது.
முற்றலாகப் பார்த்துக் கொடுங்க என்றதும்
கடைக்கார தனபாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்து
முற்றலுக்குக் காசு வாங்கமாட்டேன் என்றாள்.
முள்ளுக்கத்திரியும் வைத்திருந்தாள்,
வேண்டாம், காம்பு குத்தும்.
தலைப்பக்கம் வெட்டி
பீட்ரூட் துருவிப் பிழிந்த சாற்றில் தொட்டு வைத்தால்
ஐந்து இதழ்ப் பூ.
நாளிதழில் பூ.
முழங்காலில் பூ.
தொப்புளைச் சுற்றி மூன்று.
நான் சுவரில் சாய்ந்தேன்,
இரண்டே நிமிடம் கண் மூடியிருப்பேன்.

கொடியில் காய்ந்த சட்டையை
இருட்டில் மாட்டிக்கொண்டு ஓடியவனுக்கு
எப்படித் தெரியும்.

இரவு ஒன்றரை மணி.
மாமரத்திலிருந்து விழுந்த ஒடுகத்தூர்ப் பையன்,
நாலு வயது, முழங்கை.
அசையாதே என்றால் அசைகிறான்,
அம்மா பிடித்தால் அலறுகிறான்.
திடீரென்று நிறுத்தி
என் வயிற்றருகே விரல் நீட்டினான்.
"இன்னா பூ?"
வெண்டைக்காய்ப் பூ, எண்ணு பார்க்கலாம்.
ஒண்ணு. ரெண்டு.
நாலுக்கு வருவதற்குள் எடுத்துவிட்டேன்.
படம் கலங்காமல் வந்திருந்தது.
ஐந்தாவதை எண்ணாமல் விட
அவனுக்கு மனம் இல்லை,
ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது
கழுத்தைத் திருப்பி எண்ணினான்.

"பீட்ரூட் கறை போவாதுங்க" என்றாள் சுகந்தி,
வேன் ஹாரன் அடிக்க அடிக்க.
சரி என்றேன்.
மாடிப்படியில் ஏற்கெனவே
வாளி இழுபடும் சத்தம்.