கறைகளின் கணக்கு

அவர் பெயரைப் பத்திரிகைகள்
எத்தனை பெரிய எழுத்திலும் போடட்டும்.
எனக்கு ஆன்செல்ம் ஜானரோ என்பவர்
திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வரும்
ஒரு மூட்டை.

டோல் நகரம், தோல் பதனிடுவோர் கால்வாய்,
பாலத்துக்கு இடப்பக்கம் என் சலவைக்கடை.
எழுபத்தொன்பது மார்ச்சில்
இரவல் வேனிலிருந்து இறங்கினார்.
கையில் ஆறு மேசைவிரிப்பு,
மூடிப்போன ஏதோ விடுதியின் முத்திரையோடு.
காசு அடுத்த வாரம் என்றார்.
அடுத்த வாரம் வந்தது வெங்காய சூப்.
அதற்கடுத்த வாரமும்.
மூன்றாம் வாரம் நானே சொன்னேன்:
சூப்பை நிறுத்துங்கள், காசும் வேண்டாம்.

அங்கே யாரும் சாப்பிடுவதை நான் பார்த்ததில்லை.
சாப்பிட்டு முடித்ததைப் படித்திருக்கிறேன்.
முதல் வருடம் முழுக்க மலிவான சிவப்பு ஒயின்,
லாரி ஓட்டுநர்களின் முழங்கை மசகு,
ஒரு குழந்தை பட்டாணியை நசுக்கித் தேய்த்த
பச்சை வட்டம்.
பிறகு வெண்ணெய். பிறகு ஆற்று நண்டின் சாறு.
பிறகு ஜூரா மலையின் மஞ்சள் ஒயின்:
வெந்நீரைக் கண்டால் முரண்டு பிடிக்கும்,
குளிர்நீரில் இரவெல்லாம் கெஞ்ச வேண்டும்.
ஆறு அறுபதாயிற்று. அறுபது இருநூறு.

முதல் நட்சத்திரம் வந்த செய்தி
ஊருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.
ஷாம்பெயின், மெழுகு, உதட்டுச் சாயம்,
ஒரு விரிப்பின் நட்டநடுவில் காலணித் தடம்.
யாரோ மேசைமேல் ஏறி ஆடியிருக்கிறார்கள்.
நாற்பத்திரண்டாம் அளவு.
அவருடையதும் அதுதான். நான் கேட்கவில்லை.

மூன்றாவது நட்சத்திரத்துக்குப் பின்
கறை வற்றியது.
தட்டு நிலவளவு, உணவு நகத்தளவு,
சிந்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.
சிந்தினால் என்ன விலையென்று
விருந்தாளிகளின் விரல்களுக்கும் தெரிந்திருந்தது.
மடிப்புக் கலையாமல் திரும்பிய துணிகளை
மறுபடி துவைத்தேன்.
வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிறவள் இல்லை நான்.
டோக்கியோவில் ஒன்று திறந்தாராம்,
ஜெனீவாவில் இன்னொன்று.
எலோடி என்று ஓரம் தைத்த துவாலைகள் மட்டும்
ஒரு இலையுதிர் காலத்தோடு
மூட்டையில் வருவது நின்றது.

பிறகொரு நாள் மூட்டையில்லாமல் அவரே வந்தார்.
இனி விரிப்பு கிடையாது, வெறும் ஓக் பலகை,
பாரீஸில் இப்போது அப்படித்தானாம்.
சொல்லிவிட்டும் போகாமல் நின்றார்,
சாஸைக் கருகவிட்ட பையனைப் போல.
கணக்கு முழுதும் தீர்த்தார்,
ஒரு சாந்தீம்கூட பாக்கியில்லை.
பழைய சூப்பின் கணக்கை
இருவரும் எடுக்கவில்லை.

கடையை விற்ற பின்
ஒரே ஒரு முறை அங்கே சாப்பிட்டேன்.
மேசை வழவழவென்று,
எதுவும் தங்காத நெற்றி மாதிரி இருந்தது.
கோப்பையைச் சாய்த்தேன்,
வேண்டுமென்றே.
பணியாள் காகிதத்தோடு ஓடிவருவதற்குள்
அடுப்படிக் கதவிலிருந்து அவர் வந்தார்,
விரலால் தொட்டு, நாவில் வைத்து,
"பூல்சார். ஆர்புவா பக்கம்" என்றார்.
"துணியாக இருந்தால்?" என்றேன்.
"உப்பு, உடனே" என்றார்.
சரியான பதில்.
ரசீது முழுத்தொகைக்கு வந்தது.
எனக்கு அது பிடித்திருந்தது.

இனி சொல்லப்போவது அவருக்குத் தெரியாது.
அந்த முதல் ஆறில் ஒன்று
இன்னும் என்னிடம் இருக்கிறது,
இஸ்திரிப் பலகைக்கு அடிவிரிப்பாக.
அதன் ஓரத்தில் மையில் ஒரு கூட்டல்:
அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நாற்பத்தெட்டாயிரத்து எழுநூறு,
வாடகைக்கும் கூரைக்கும் முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு.
விடை எழுபத்தைந்தாயிரத்து இருநூறு என்று எழுதி
இரண்டு கோடு போட்டிருக்கிறார்.
வங்கி அவ்வளவுதான் தரும் என்று
அன்று எல்லாருக்கும் தெரியும்.

கூட்டிப் பாருங்கள்.
கடைசியில் மேலே கொண்டுபோக வேண்டிய ஒன்றை
மறந்துவிட்டார்.
பத்தாயிரம் பிராங்க் துண்டு விழுகிறது.
சரியாகக் கூட்டியிருந்தால்
அன்றே வேனைத் திருப்பிக்கொண்டு
லியோனில் எவருடைய அடுப்புக்கோ போயிருப்பார்.

முதல் திங்களன்றே பார்த்துவிட்டேன்.
எலுமிச்சை, பால், வினிகர்,
மூன்றும் போட்டேன்.
மை போகவில்லை.
நானும் சொல்லவில்லை.