இட்டவள், இடாதவள்

காலை ஆறே முக்காலுக்கு
பரேலில் கட்டி முடியாத கோபுரத்திலிருந்து
தத்தாராம் கேணி வருகிறார்.
பையில் பதினொரு காகிதக் கோப்பைகள்,
வாயில் வலைத்துணி, துணிமேல் ஈரப்பஞ்சு.
ராத்திரி முழுக்க டார்ச்சும் உறிஞ்சுகுழலுமாய்
தொழிலாளர் கொட்டகைச் சுவர்களில்
உட்கார்ந்திருந்ததையெல்லாம்
மூச்சால் இழுத்துச் சேர்த்திருக்கிறார்.
"இன்னிக்கு நாற்பத்து மூணு, தாயி."

மராத்தியில் தாயி என்றால் அக்கா.
தமிழ்க் காதில் அது
வேறொரு இடத்தில் போய் விழுகிறது.

மீசை அடர்ந்தவர்களை ஒதுக்கிவிடலாம்.
அவர்கள் கடிப்பதில்லை,
தேன் குடித்து, கூடி, செத்துப்போகிறவர்கள்.
எனக்கு வேண்டியவள்
வாலைத் தூக்கி, தலையைச் சாய்த்து
சுவரில் பாதி அறைந்த ஆணி மாதிரி
உட்காருகிறவள்.

முதலில் வயிற்றைத் திறக்கிறேன்.
சூலகத்து மூச்சுக்குழல்கள்
நூல்கண்டாய்ச் சுருண்டிருந்தால் இடாதவள்.
சுருள் பிரிந்து நீண்டிருந்தால்
ஒருமுறையாவது முட்டையிட்டவள்.
இடாதவளிடம் நோய் இருக்காது.
யாரையும் குடித்துப் பழுக்க
அவளுக்கு இன்னும் நாள் வரவில்லை.
பதிவேட்டில் அதற்கு இரண்டு கட்டம்.

ஆன்டாப் ஹில்லில், எங்கள் லிஃப்டில்
செண்பகவல்லியும் எனக்கொரு கட்டம் வைத்திருந்தாள்.
பதினேழு வருடமாய்க் கேட்டுக்கொண்டிருந்தவள்
இப்போது கேட்பதில்லை.
நிரப்பிவிட்டாள்.

உப்புநீர் ஒரு சொட்டு. ஊசி இரண்டு.
ஒன்றால் மார்பை அழுத்தி
மற்றதால் தலையை இழுக்க வேண்டும்,
கோபமில்லாமல்.
கோபப்பட்டால் தலை மட்டும் வரும்.
பொறுத்தால் கூடவே வரும்
எச்சில் சுரப்பி,
ஆறு மடல், நுங்கு நிறம்.
மேலே ஒரு சில்லை வைத்து நசுக்கிப் பார்க்கிறேன்.

ஜூனிலிருந்து ஆயிரத்து இருநூற்று ஆறு.
இல்லை இல்லை இல்லை என்று எழுதிக் கைசோர்ந்து
ஜூலைக்குப் பிறகு வெறும் "இ".

மாடியில் புது மெஷின் வந்திருக்கிறது.
பத்துத் தலையை ஒன்றாய் அரைத்து ஊற்றினால்
உண்டு, இல்லை சொல்லும்.
பத்தில் எவள் என்று சொல்லாது.
அதனிடம் யாருக்கும் வயதில்லை.

செப்டம்பர் ஒன்பது. ஏழாம் கோப்பை.
தூசு என்றுதான் நினைத்தேன்.
தூசு நெளியாது.
பிறந்த குழந்தைக்கு நகம் வெட்டினால்
துணுக்குகள் விழுமாமே,
அத்தனை மெல்லிசாய், அதே வளைவில்
நூறா, இருநூறா,
ஒரு அவசரமுமில்லாமல்
நீந்திக்கொண்டிருந்தன.

கத்திவிட்டேன். கிடைச்சிடுச்சு!
பரீட்சையில் தேறினவள் மாதிரி.
சுல்பா நாட்கர்ணி ஓடிவந்து குனிந்து பார்த்து
முதுகில் ஓங்கித் தட்டினாள்.
யாரோ டீக்குச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான்
கோப்பையில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பினேன்.
கொட்டகை நாலு.
கீழ்த்தட்டு.
வலது வரிசை, தலைமாட்டுச் சுவர்.

டீ வந்தது. ஆடை கட்டிக்கொண்டு
மேசையிலேயே கிடந்தது.

சாயங்காலம் நாங்களே போனோம்.
கொட்டகை நாலில் பத்தொன்பது பேர் படுக்கிறார்கள்.
மூன்று பேர் நேற்றே பலாமுவுக்கு ரயிலேறிவிட்டதாக
மேஸ்திரி தரையைப் பார்த்துச் சொன்னார்.
காய்ச்சலா என்றேன்.
அலுப்பு என்றார்.
லிஃப்ட் வரப்போகும் குழியில்
முழங்கால் அளவு மழைத்தண்ணீர்.
அதில் முப்பத்தெட்டு மாடி தலைகீழாய் நின்றது.

பதினாறு விரல்களைக் குத்தினேன்.
கண்ணாடித் தகடுகளில் பதினாறு பொட்டு
வரிசையாய்க் காய்ந்துகொண்டிருந்தபோது
கேணி சட்டையில் கையைத் துடைத்துவிட்டு
பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
"ராத்திரியெல்லாம் இங்கதானே கிடக்கறேன்.
எனக்கும் பாத்துடுங்க, தாயி."

புது ஊசி பிரித்தேன்.
இத்தனையையும் ஒற்றை மூச்சில் இழுத்துக்
கோப்பையில் ஊதிய மனிதர்
விரலை என்னிடம் கொடுத்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டு
சிமென்ட் மூட்டைகளை எண்ணத் தொடங்கினார்.