இரண்டாம் தடம்

மில்டுராவில் பிப்ரவரி. நாற்பத்து மூன்று டிகிரி.
பௌல்ஸ் கிளப் புல்தரைக்குத் தண்ணீர்
வாரத்தில் இரண்டு நாள்,
அதுவும் அரைமணி நேரம்.

புல் எடுத்த எடுப்பில் பழுத்துவிடுவதில்லை.
முதலில் நீலம் பாரிக்கிறது, பழைய ஈயத் தட்டு மாதிரி.
பிறகு இலை நெடுக்காகச் சுருண்டு
தன் சின்னச் சின்ன வாய்களை
உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறது.

லென்சில் பார்த்தேன்.
மேல்தோலில் மெழுகு, செதில் செதிலாக,
யாரோ இரவோடிரவாகப் பூசிவிட்டுப் போனதுபோல.

"பசிதான் அதுக்கு," என்றார் டெரில்.
"யூரியா அடி. கொஞ்சம் கூடவே அடி."
அடித்தேன்.
துளிகள் உருண்டன,
நுனியில் ஒரு கணம் தயங்கி
மண்ணில் விழுந்தன.
தாமரை இலைத் தண்ணீர் என்போம்.
தாமரைக்காவது கீழே குளம் இருக்கிறது.

மாலைக்குள் உப்பு வெள்ளையாய்ப் படிந்தது,
தொடாமல் வைத்த சோறு
காய்ந்துபோன வட்டில்.
பசியில்லை டெரில், பயம்.
இருக்கிற ஈரத்தைக் காக்கக் கதவடைத்த வீட்டுக்கு
விருந்தை எந்த வழியாக நீட்டுவது?
இதை இங்கிலீஷில் சொல்ல வரவில்லை எனக்கு.
"நாட் டேக்கிங் இட்," என்றேன்.
அவர் வானத்தைப் பார்த்தார்.

வாடிய புல்லுக்கு ஒரு குணம்:
மிதித்தால் எழாது.
வியாழன் விடிகாலை, வேலியிலிருந்து
இரண்டாம் தடத்தின் நடுவரை காலடிகள்.
இடது ஆழம். வலது இழுபட்டது.
நார்ம் ஹேட்ச்சர், இடுப்பெலும்பு மாற்றியவர்.
காலடி முடிந்த இடத்தில்
வாளி வைத்த வளையம், பக்கத்தில் ஒரு நனைந்த வட்டம்.
குனிந்து மோந்தேன்.
லாவண்டர் சோப்பு.

வெயில் ஏறுமுன் அன்றும் மருந்தடித்தேன்.
எல்லா இடத்திலும் உருண்ட துளி
அந்த வட்டத்தில் மட்டும்
உருளவில்லை.
தட்டையாகி, இலைமேல் படர்ந்து,
கூச்சத்தோடு உள்ளே போனது.

ஆறாம் நாள்
சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பச்சை.
"நாய் மூத்திரம்," என்றார் டெரில்.
"இருக்கலாம்," என்றேன்.
நிழல் பெஞ்சில் நார்ம்
தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டார்.
அவர் கன்னம் மட்டும் அசைந்தது.

வீட்டுக்குப் போனதும்
ஷவரின் அடியில் வாளியை வைத்தேன்.
தலைக்கு ஊற்றிய முதல் நீரே
நுரையோடு அதில் விழுந்தது, சாம்பல் நிறத்தில்,
என் ஒருநாள் அழுக்கோடு.

மூன்றாம் தடத்துக்கு
நாளை இரவு.