இரும்பு

காலையில் ஒன்றரை, இரவில் ஒன்றரை.
அரை மாத்திரையைப் பாக்குவெட்டியில் நறுக்குகிறாள் தெய்வானை;
தெறித்த துணுக்கை விரல்நுனியில் ஒற்றி
என் நாக்கில் வைக்கிறாள்.

யாங்கோன் சரக்கு வரப் பத்து நாளாகும் என்றார்கள் கடையில்.
டப்பாவில் எட்டு நாள்.

மண்டை பிளக்கும்வரை
மோல்மேன் மேட்டை நான்காம் கியரிலேயே ஏறியவன்,
'கரண்டி' என்ற சொல்லுக்காகச்
சோறு ஆறும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.
பர்மியம் முந்திக்கொண்டு 'ஜூன்' என்கிறது.
மகள் சிரிக்காமல் எடுத்துத் தருகிறாள்.

ஒன்பதாம் நாள் வெட்டி இழுத்தது.
தெரு திரண்டு "இரும்பு, இரும்பு" என்றதாம்.
ஆணியில் தொங்கியதை யாரோ கையில் திணித்திருக்கிறார்கள்.
விழித்தபோது
உள்ளங்கையில் பல் பதிந்த தடம்.

வண்டிச் சாவி.
ஓராண்டு இழுப்பு வராதிருந்தால்
தொடலாம் என்று டாக்டர் சொன்னது.

விரல் விரலாகப் பிரித்தெடுக்கிறாள்.
பிறகு காலண்டரில்
211-க்கு அடுத்த கட்டத்தில்
1 என்று எழுதுகிறாள்.