ஆறாவது கட்டம்

ஆறு பாறைமுகங்கள், ஆறு கட்டங்கள்.
மேலே மூன்று, கீழே மூன்று.
ஒவ்வொன்றின் வலது ஓரத்திலும்
அதே நாலு நிறம், அதே நாலு பெயர்:
லுண்டி, லொம்விகி, ஹாவ்ஹெஸ்தூர், ரீட்டா.
சொன்னதையே சொல்லும் கிளிப்பிள்ளைகள்.
அவை அடைத்துக்கொண்ட இடம் போக
மிச்சத்தில் நெருக்கியடித்துக்கொண்டன
இருபது வருடக் கோடுகள்.

பக்கத்துக்கு ஒரு குறிவிளக்கம் போதாதா
என்று ஹோக்னி கேட்டது நியாயம்தான்.
வெள்ளிக்கிழமை அச்சு.
தோர்ஸ்ஹவ்னில் நாலாவது நாளாக மழை,
பக்கவாட்டில்.

சேர் என்று எழுதினேன்.
ஐந்து கட்டங்கள் மறுபேச்சின்றித்
தம் பெட்டியைக் கழற்றிக் கொடுத்தன.
அடியில், ஒரே வரியில்,
நாலு சதுரங்கள் வந்து உட்கார்ந்தன.
அப்பாடா என்று காப்பியை எடுக்கும்போதுதான் பார்த்தேன்,
அதை ஒட்டி இன்னொரு குறிவிளக்கம்.
அதில் மூன்றே பெயர்.

எழுத்துப்பிழையாக இருக்கும்.
ஒரு வெற்றிடம், ஒரு காற்புள்ளி,
இத்தனை அற்பத்துக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் யந்திரம் இது.
நிறங்களை மாற்றினேன். வரிசையை மாற்றினேன்.
ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பார்த்தேன்
(அதனால் ஆவதென்ன, தெரியாது).
ஆறாவது கட்டம்
தன் மூன்றைக் கையில் பிடித்தபடி நின்றது.

பிறகுதான் கோப்பைத் திறந்தேன்.
சுன்வா படகிலிருந்து எண்ணியவை.
லுண்டி நாற்பது. லொம்விகி எழுநூற்றுச் சொச்சம்.
ரீட்டாவுக்கு வரியே இல்லை.
ஒரு வருடமும் இல்லை, அவள் எண்ணத் தொடங்கிய
ஏழு வருடமும் இல்லை.
குறிப்புப் பத்தியில் மட்டும், ஒவ்வொரு ஜூனிலும்:
இரண்டு முறை சுற்றினோம்.
போன ஜூனில்: மூன்று முறை.

போன் செய்தேன். பின்னால் என்ஜின் சத்தம்.
பூஜ்யமாவது போட்டிருக்கலாமே, சுன்வா?
"போடலாமென்றுதான்," என்றாள்,
"அடுத்த தடவையும் பார்த்துவிட்டு."

சிறகு நுனியை மையில் தோய்த்தெடுத்த
வெள்ளைப் பறவை அது.
பள்ளிக்கூடத்தில் நாங்கள் வரைந்தால்
நுனியை மட்டும் கறுப்பாக்கினால் போதும்.

ஆளில்லாத பெயரை உதிர்த்துவிடுவது
இந்த நிரலின் சுபாவம்.
உதிர்க்காதே என்று சொல்லவும் ஒரு வரி இருக்கிறது.
சொன்னேன்.
ஆறும் ஒன்றாயின.
நாலு சதுரம், நாலு பெயர்,
பேர்சொல்ல ஒரு நீலம்.

ஹோக்னியின் பதில் மாலையில் வந்தது:
அழகு. ஆனால் ஆறாவதில்
நீலக் கோடு விட்டுப்போயிருக்கிறது, சரிபார்.

சரிபார்த்தாயிற்று
என்று அனுப்பினேன்.