ஏழாம் பக்கம்

கல்லல் சந்தைக்குப் பின்னால் அந்தப் பள்ளிக்கூடம்.
தரையில் இருபத்தொரு பிள்ளைகள்.
நான் வரைந்த மாதிரிப் புத்தகத்தை
விரித்துப் பிடிக்கிறேன்.
'பண்ணைக்குப் போவோம், கூடவே கத்துவோம்.'
கத்துவோம் என்ற சொல்லைக் கண்டதும்
வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

முதல் பக்கம் சேவல்.
கொக்கரக்கோ என்று எழுதியிருந்தேன்.
"அது டிவி சேவல்," என்றான் சேவுகன்.
"எங்க வீட்டுது கொ-வை முழுங்கிரும்.
க்கரக்கோஓஓன்னு கடைசியில ஒரே இழுப்பு."
இழுத்துக் காட்டினான்.
சத்துணவுக் கூடத்து ஓட்டின் மேலிருந்து
ஏதோ ஒன்று அவனுக்குப் பதில் சொன்னது.
கொ-வை அடித்துவிட்டேன்.

உழவு மாட்டை வெள்ளையாகத் தீட்டியிருந்தேன்.
சிரித்தார்கள்.
"புலிக்குளத்து மாடு சாம்பல்ல இருக்கணும் டீச்சர்,
கொம்பு பின்னால வளைஞ்சு மேல ஏறணும்."
நான் டீச்சர் இல்லை என்றேன்.
யாரும் காதில் வாங்கவில்லை.

வயல், விளிம்புவரை பச்சை.
"எந்த மாசம்?" என்றாள் உமையாள்.
மாசமா?
"தையின்னா பச்சை சரி.
சித்திரையில நாங்க கண்மாய்க்குள்ள
கிரிக்கெட்ல ஆடுவோம்."
பாதிப் பச்சையின் மேல் செம்மண் பூசி
மூன்று குச்சி நட்டேன்.
நடுக்குச்சி சாய்ந்திருக்க வேண்டுமாம்.
சாய்த்தேன்.

தண்ணீர்ப் பக்கத்தில்தான் சண்டை வந்தது.
வரத்துக்கால் என்றது ஒரு குரல்,
மடை என்றது ஒன்று,
மதகு, வாமடை, கலுங்கு,
ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.
ஒரு சொல்லுக்குத்தான் இடமிருக்கிறது என்றேன்.
"அப்ப தண்ணி வந்தா எப்படி வெளிய போகும்?"
கடைசி வரிசை கேட்டது.
ஐந்தையும் எழுதினேன்.
மீன் படத்தை அழிக்க வேண்டியதாயிற்று.

பிறகு ஏழாம் பக்கம்.
ஆட்டை நாம் எப்படிக் கூப்பிடுவோம்?
அதுவரை வாயே திறக்காத பூமயில்
எழுந்து நின்றாள்.
அவள் அப்பா கிடை போடுகிறவர்,
அறுப்பு முடிந்த வயல்களில் வாரத்துக்கொரு ஊர்.
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப்
பிடுங்கினாள்.
ஒரு முறை.
பிறகு இரண்டு, சேர்த்து.

அதை எழுதப் போனேன்.
ட் போட்டேன், இல்லை.
க்ள, ட்ர, ச்சு,
தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.
இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும்
தட்டிப் பார்த்தாயிற்று,
ஒன்றும் வாசல் திறக்கவில்லை.
"இன்னொரு தடவை, சத்தமா," என்று
நான் கேட்டிருக்கக் கூடாது.

வேலியோரம் நின்றவை கேட்டிருந்தன.
முதலில் கிடாய், அதன் பின் குட்டிகள்,
பிறகு எண்ண முடியவில்லை.
கரும்பலகையை ஒன்று முகர்ந்தது.
சேவுகனின் டவுசர் நாடாவை ஒன்று சப்பியது.
பிள்ளைகள் கத்தினார்கள், கூடவே ஆடுகளும்.
அட்டையில் நான் எழுதிய வாக்கியம்
அன்றைக்குத்தான் உண்மையானது.
செம்மறி ஒன்று
ஏழாம் பக்கத்தின் மூலையை
அவசரமில்லாமல் மென்று தின்றது.

ஓட்டிவிட்டுத் திரும்பியபோது
பூமயில் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள்.
பிறைபோல ஓர் ஓட்டை,
ஓரம் முழுக்க எச்சில்.
"இதுதான்," என்றாள்.
"இப்படியே விட்டுருங்க."

காரைக்குடியில் அச்சக அடைக்கலம்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஆயிரம் காப்பியிலயும் ஆடு கடிச்சிருக்கணும்?"
ஆமாம்.
"டை அடிக்கத் தனிக் காசு."
சரி.
"படிக்கிறவன் இந்த இடத்துல என்ன சொல்லுவான்?"
நாக்கைப் பிடுங்கிக் காட்டினேன்.
அவரும் செய்து பார்த்தார்,
சுமார்தான்.

வாசலில் கட்சிப் போஸ்டரைக்
கிழித்துத் தின்றுகொண்டிருந்த வெள்ளாடு
தலையைத் தூக்கவேயில்லை.
அது பூமயில் வீட்டு ஆடில்லை.