அங்கமுத்து யாப்

பதவி உயர்வுப் பாரத்தின் ஒன்பதாம் பக்கம்
வெளிவந்த, வரவிருக்கும் கட்டுரைகளைக் கேட்கிறது.
எண்ணினேன். நாற்பத்தொன்று.
மீட்டுக்கொண்ட ஒன்றையும் சேர்க்க வேண்டுமாம்,
அடிக்குறிப்பில் இருக்கிறது.

முதலாவது, எலியின் பெருந்தமனி.
இருபத்துநான்கு மாதம் ஆனால் கிழ எலி.
இரண்டு மில்லிமீட்டர் வளையமாய் நறுக்கி
கம்பியில் மாட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் இறக்கி
மருந்து ஒரு சொட்டு விட்டால்
இளசு இளகிக்கொடுக்கும்.
கிழம் யோசிக்கும்.
கெளுகோர் மேட்டில், ஏசி இரைச்சலில்
இரண்டு வருஷம்
அந்த யோசனையைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

கட்டுரை வந்தது. பெயர்தான் சரியாக வரவில்லை.
யோகவதி ஏ பி அங்கமுத்து.
ஏ பி என்றால் இன்னாருடைய மகள்;
இந்த நாட்டில் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்கே அது தெரியும்.
ஆய்விதழின் கணினிக்குத் தெரியவில்லை.
அப்பாவை முன்னால் இழுத்து நிறுத்தி
ஒய், ஏ, பி மூன்றையும் அவர் வாலில் கட்டிவிட்டது.
ஹெல்சிங்கியிலிருந்து கடிதம்: அன்புள்ள டாக்டர் யாப்.
கோலாலம்பூர் கருத்தரங்கில்
நீங்கள் ஈப்போ யாப்பா என்று விசாரிக்க வந்த பேராசிரியர் லியோங்
என்னைப் பார்த்த திகைப்பில்
கடித்த கறிபாப்பை என்னிடமே நீட்டிவிட்டார்.

மாற்றச் சொல்லியிருக்கலாம்.
மாற்றினால் மேற்கோள் கணக்கு
இரண்டாய்ப் பிளந்துபோகும் என்றாள் அஸ்லிண்டா.
விட்டுவிட்டேன்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் இரவு முறையில்
பெட்டகங்களுக்குச் சங்கிலி மாட்டிய மனிதர்
இப்படித்தான் இருதய இயலுக்குள் நுழைந்தார்.
ஒசாகாவில், அங்கமுத்துவும் பிறரும் தெளிவாகக் காட்டியுள்ளனர்.
லிமாவில், அங்கமுத்துவும் பிறரும் மிகைப்படுத்துகின்றனர்.
படித்துக் காட்டினேன்.
"அப்படின்னா?"
"கூட்டிச் சொல்றீங்களாம்."
"சங்கத்துலயும் அதையேதான் சொன்னானுங்க."

பதினேழாவது.
ஜெலுத்தோங் மண்டபம், அறுநூற்றுப் பதினெட்டுப் பேர்.
கழுத்துக்கும் தொடைக்கும் நடுவே
நாடி அலை நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது,
அவ்வளவுதான் கேள்வி.
வேகமாக ஓடினால் குழாய் இறுகிவிட்டது என்று அர்த்தம்.
அப்பா சலவைச் சட்டையில் வந்தார்,
பசியாறாமல், நோட்டீஸில் போட்டபடி பத்து மணிநேரம்.
முறைகள் பகுதியில் நான் எழுதிய வாக்கியம்:
ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்கள் சேர்க்கப்படவில்லை.
அவருக்கு ஐம்பத்தொன்றில் ஒன்று வந்திருந்தது.
"சும்மா பட்டையை மட்டும் கட்டிப் பாரேன்."
வரிசை வாசல்வரை. கருவி ஒன்றுதான்.
இல்லப்பா என்றேன்.
ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு
மத்தியானம்வரை மைலோவும் பன்னும் எடுத்துக் கொடுத்தார்.
நன்றியுரையில் நிதி எண் இருக்கிறது.

இருபத்துமூன்றாவதுதான் மீட்டுக்கொண்டது.
கருவி ஒன்பது மாதம் பொய் சொல்லியிருக்கிறது.
நாங்களே கண்டுபிடித்தோம், நாங்களே எழுதிப்போட்டோம்.
அப்போது அப்பா போய் இரண்டு வருஷம்.
பக்கத்தைத் திறந்தால்
அவர் பெயரின் குறுக்கே சிவப்பில் கொட்டை எழுத்து.
மற்ற நாற்பதையும்விட
அதைத்தான் அதிகம் திறந்து பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதம் எனக்கு ஐம்பத்தொன்று.
போன வாரம், எல்லாரும் கிளம்பியபின்
பட்டையை எடுத்து எனக்கே கட்டினேன்.
வந்த எண்ணை எங்கும் எழுதவில்லை.

பாரம் இன்னொன்றும் சொல்கிறது:
விண்ணப்பதாரர் பெயரை ஒவ்வொரு வரியிலும்
தடித்த எழுத்தில் காட்டவும்.
அங்கமுத்து. இழு, அழுத்து.
அங்கமுத்து.
வெளியே சுங்கை டுவா சாலையில் மழை பிடித்துக்கொண்டது.
பத்தொன்பது, இருபது.
இருபத்துமூன்றில் விரல் நின்றது,
பிறகு அதையும் அழுத்தியது.
நாற்பத்தொன்றாவதற்குத் தேதி இல்லை,
இன்னும் அச்சில்.